கரடி காவல் காக்கும் கணினிகள்

கோத்தகிரிப் பக்கம் கரடி என்றால் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ராத்திரி இறங்கி வரும். கோயில் கதவை உடைத்து, விளக்குக்கு வைத்திருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். சத்துணவுக் கூடத்தையும் விட்டுவைக்காது. நான் சொல்ல வந்தது வேறு கரடி. கணினித் திரையின் வலது கீழ் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குட்டி வெள்ளைக் கரடி. டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளின் அடையாளம் அது. கனடாவின் ஃபாரோனிக்ஸ் நிறுவனத்துச் சரக்கு. பிரவுசிங் சென்டர்களில் பழகிய தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கரடி இருக்கும் கணினியில் எதை அழித்தாலும், எதை ஏற்றினாலும், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நான் இந்த வட்டாரத்தில் கணினி சர்வீஸ் பார்ப்பவன். கட்டபெட்டு, அரவேனு, கீழ்க்கோத்தகிரி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். ஜெராக்ஸ் கடை, பள்ளிக்கூட லேப், தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ் எல்லாம் பிழைப்புக்கு. காசு வாங்காமல் பார்த்துக்கொள்வது ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இளைஞர்கள் நடத்தும் படிப்பகத்தை. பெங்களூருக்கு வேலைக்குப் போன ஊர்ப் பிள்ளைகள், கம்பெனியில் கழித்துக்கட்டிய பெட்டிகளைக் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பெண்கள், பட்டா சிட்டா எடுக்க வரும் பெரியவர்கள், தேர்வு முடிவு பார்க்க வருகிறவர்கள், சாயந்திரமானால் கேம் விளையாட வரும் பொடியன்கள் எல்லோருக்கும் அதே பெட்டிகள்தான்.

இப்படிப் பலர் கைபடும் கணினியைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, எதையும் தொடவிடாமல் பூட்டிவைப்பது. இன்னொன்று, தொட்டுக்கொள்ளட்டும் என்று விட்டு, அப்புறம் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. கூப்பிடுகிறவர்கள் அநேகமாக முதல் வழியைத்தான் கேட்கிறார்கள். "ஒண்ணும் பண்ண முடியாத மாதிரி லாக் பண்ணிக் குடுங்க சார்." எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை.

பூட்டுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2006, 2007 வாக்கில் பென் டிரைவ் வழியாக நாடு முழுக்கப் பரவிய 'நியூ ஃபோல்டர்' வைரஸ் பலருக்கு நினைவிருக்கும். ஃபோல்டர் போலவே படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திறக்கலாம் என்று இரண்டு தட்டு தட்டினால் போச்சு. உள்ளே நுழைந்ததும் அது முதலில் செய்கிற வேலை என்ன தெரியுமா? ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரை முடக்கும், விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்ற உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரை முடக்கும், ஃபோல்டர் ஆப்ஷன்ஸை மெனுவிலிருந்தே தூக்கிவிடும். பொதுக் கணினியைப் 'பாதுகாக்க' நாம் செய்வதும் அச்சு அசலாக இதேதான். ரெஜிஸ்ட்ரியில் மாற்றுகிற மதிப்புகள்கூட அதேதான். பூட்டிய கணினியும் வைரஸ் பிடித்த கணினியும் உட்காருகிறவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கேட்டதைச் செய்யாது, ஏன் செய்யவில்லை என்றும் சொல்லாது.

அப்படிப் பூட்டினாலும் பையன்களிடம் நிற்பதில்லை. ஒரு கடையில் பிரவுசரைத் தவிர எதுவும் திறக்காதபடி செய்து வைத்திருந்தார்கள். எட்டாவது படிக்கும் ஒருவன், "ஷிஃப்ட்ட அஞ்சு தடவ தட்டுங்கண்ணா" என்றான். தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வந்தது, அதில் ஒரு சுட்டி, அதைத் தொட்டால் கன்ட்ரோல் பேனல். பிரிண்ட் கொடுக்கும்போதோ ஃபைலைச் சேமிக்கும்போதோ வரும் பெட்டியில் முகவரியை டைப் செய்து டிரைவுக்குள் நுழைவது இன்னொரு வழி. லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றிய பென் டிரைவைச் சொருகி அதிலிருந்தே பூட் செய்துவிட்டால் விண்டோஸில் போட்ட பூட்டு எதுவும் கணக்கிலேயே இல்லை. அதைத் தடுக்க, விண்டோஸுக்கு முன்னால் எழும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குப் பாஸ்வேர்டு போடலாம். பழைய டெஸ்க்டாப்களில் மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அதுவும் போய்விடும். ஆகவே பெட்டிக்கே ஒரு பூட்டு. இப்படியே போனால் கடைசியில் கணினியை பீரோவில் வைத்துப் பூட்டுவதுதான் பாக்கி.

நான் வைக்கிற பூட்டுகள் கொஞ்சம்தான். உட்காருகிறவருக்குச் சாதாரணக் கணக்கு, அட்மின் கணக்கு கிடையாது. பயாஸில் பாஸ்வேர்டு, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மட்டும் பூட் ஆகும்படி. பிரவுசர் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கட்டுமா என்று கேட்பதை நிறுத்துவது. அவ்வளவுதான். மிச்சத்தை மீட்பு பார்த்துக்கொள்ளும். வால்பேப்பரில் நடிகர் படம் வைக்கிறானா, வைத்துக்கொள்ளட்டும். நாளைக் காலையில் இருக்காது.

மீட்பு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தின் மேல் ஒரு கண்ணாடியை வைத்து, அந்தக் கண்ணாடியில் எழுதுகிற மாதிரி. பார்க்கிறவருக்கு எழுத்தும் படமும் சேர்ந்தே தெரியும். கண்ணாடியைத் துடைத்தால் படம் அப்படியே இருக்கும். கணினி எழுதுகிற எல்லாவற்றையும் உண்மையான இடத்தில் எழுதவிடாமல் வேறிடத்துக்குத் திருப்பிவிட்டு, ரீஸ்டார்ட்டில் அந்த வேறிடத்தை மறந்துவிடுவதுதான் இதன் சூத்திரம். இதைத்தான் உறைய வைப்பது என்கிறோம். அந்த இடம் டிஸ்க்கிலும் இருக்கலாம், தற்காலிக நினைவகமான ரேமிலும் இருக்கலாம்.

மைக்ரோசாஃப்ட்டே இதை ஒருகாலத்தில் இலவசமாகக் கொடுத்தது. 2005இல் விண்டோஸ் எக்ஸ்பிக்காக 'ஷேர்ட் கம்ப்யூட்டர் டூல்கிட்' என்று வந்தது, 2007இல் 'ஸ்டெடிஸ்டேட்' என்று பெயர் மாறியது. பூட்டும் வேலை, மீட்கும் வேலை இரண்டும் அதில் உண்டு. மாற்றங்களை ரீஸ்டார்ட்டில் அழி, சொன்ன தேதி வரை வைத்திரு, நிரந்தரமாகச் சேர்த்துக்கொள் என்று மூன்று தேர்வு. நூலகங்களும் பள்ளிகளும் பயன்படுத்துவதற்கென்றே செய்தது. விண்டோஸ் 7க்கு அதைக் கொண்டுவரவே இல்லை. 2010 முடிவில் டவுன்லோடை எடுத்துவிட்டார்கள், 2011 ஜூனோடு ஆதரவும் போனது. நல்ல பொருளை ஏன்தான் நிறுத்துகிறார்களோ. இப்போது அந்த இடத்தில் 'யூனிஃபைடு ரைட் ஃபில்டர்' என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸின் எஜுகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளில்தான் கிடைக்கும். சாதாரண ஹோம், ப்ரோ பதிப்பு வைத்திருக்கும் கடைக்காரருக்கு அது இல்லை.

கடைக்காரர் அப்போது என்ன செய்வார்? கிராக் செய்த டீப் ஃப்ரீஸைத் தேடுவார். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். தினமும் வைரஸ் ஸ்கேன் ஓடும், தினமும் அதே மூன்று நான்கு வைரஸ்களைப் பிடிக்கும், அழித்துவிட்டதாகச் சொல்லும், மறுநாள் திரும்பவும் அதே. கணினியைச் சுத்தம் செய்யாமலே உறைய வைத்திருக்கிறார்கள். வைரஸும் சேர்ந்து உறைந்துவிட்டது. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் அதைப் புதிதாகப் பிறப்பித்துக்கொண்டிருந்தது. கரடி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. உறைய வைப்பதற்கு முந்தின வேலைதான் முக்கியம். புதிதாக விண்டோஸ் போட்டு, அப்டேட் எல்லாம் முடித்து, பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர் போட்டு, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்து, குளோன்ஸில்லா என்ற மென்பொருளில் டிஸ்க்கின் முழு நகலாக ஒரு இமேஜ் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் உறைய வைக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் தமிழ் எழுத்துருக்களையும் சேர்க்க வேண்டும். பென் டிரைவில் ஒரு மனுவைக் கொண்டுவருவார்கள். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கந்தரகோளமாக இருக்கும். பாமினியிலோ வானவில்லிலோ அடித்ததாக இருக்கும். அந்த எழுத்துருவைத் தேடிப் போட்டுத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், ரீஸ்டார்ட்டில் எழுத்துருவும் போய்விடும். அடுத்தவர் வரும்போது மறுபடியும் தேடல். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டரும் அப்படியே. ஒருவருக்குத் தமிழ்99, இன்னொருவருக்குப் பழைய தட்டச்சு முறை, பிள்ளைகளுக்கு அம்மா என்பதை ஆங்கிலத்தில் அடித்தால்தான் வரும். எல்லாவற்றையும் முதலிலேயே ஏற்றித் தயாராக வைத்த பிறகு உறைய வைத்தால் வம்பில்லை.

சரி, இனி மலைக்கு வருவோம். மீட்பு மென்பொருளைச் செய்தவர்கள் ரீஸ்டார்ட் என்பது மனிதன் வேண்டுமென்று செய்வது என நினைத்துச் செய்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ரீஸ்டார்ட் செய்வது மின்வாரியமும் மரங்களும்தான். ஆடிக் காற்றுக்கு ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் ஹட்டி முழுக்க இருட்டு. நாங்கள் கிழக்குச் சரிவு என்பதால் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரியது. அப்போது மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும். யுபிஎஸ் பேட்டரி வயதாகிவிட்டால் கண் சிமிட்டுகிற நேரம்கூடத் தாங்காது. பெட்டி அணையும், திரும்ப எழும், எல்லாவற்றையும் மறந்திருக்கும்.

"தம்பி, நேத்து பாதி அடிச்சு வெச்ச மனுவக் காணமே" என்று ஒரு பெரியவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. சாலை கேட்டு கலெக்டருக்கு எழுதிய மனு. அவர் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு நம்பிக்கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். கணினி என்றால் நினைவில் வைத்திருக்கும் என்று உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் மறக்கிற ஒன்றை வைத்தால் அவர் என்ன செய்வார்?

அதனால் உறையாத இடம் ஒன்று வேண்டும். டீப் ஃப்ரீஸில் அதற்கு 'தா ஸ்பேஸ்' என்று வசதியே இருக்கிறது. படிப்பகத்தில் நாங்கள் டி டிரைவை உறைய வைக்காமல் விட்டோம். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே அங்கே திருப்பிவிட்டோம். வேர்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் இடத்தையும் அங்கே மாற்றியாயிற்று. டெஸ்க்டாப்பில் 'இங்கே வைத்தால் அழிந்துவிடும்' என்று எழுதிய வால்பேப்பர். அதையும் மாற்றிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

உறையாத இடம் என்று ஒன்றைத் திறந்ததும் அடுத்த தலைவலி அங்கேயே தொடங்குகிறது. அங்கே எல்லோர் வீட்டு ரகசியமும் சேர்கிறது.

பொதுக் கணினிகளில் நான் பார்த்தவற்றில் மோசமானது வைரஸ் அல்ல, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான். ஆதார் பிடிஎஃப், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், பாஸ்புக் முதல் பக்கம், கையெழுத்தை ஸ்கேன் செய்த படம் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு. பக்கத்திலேயே அவருடைய மார்க் ஷீட் பெயரோடும் பிறந்த தேதியோடும் கிடக்கிறது. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதிலும் பெண்பிள்ளைகளின் போட்டோ, போன் நம்பர் எல்லாம் அடுத்து உட்காருகிற யாரோ ஒருவன் கண்ணில் படும் என்பதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ரீஸ்டார்ட்டில் எல்லாம் அழியும்தானே என்று கேட்கலாம். அழியும். ஆனால் ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காருவதற்கு நடுவே யாரும் ரீஸ்டார்ட் செய்வதில்லை. காலையில் போட்ட பெட்டி சாயந்திரம் வரை ஓடுகிறது. காலை ஒன்பது மணிக்கு வந்தவரின் ஜிமெயில் மாலை நாலு மணிக்கும் திறந்தே இருக்கும். மீட்பு மென்பொருளைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் இந்த இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. மென்பொருள் கணினியைக் காப்பாற்றுகிறது. உட்கார்ந்து போனவரைக் காப்பாற்ற அது ரீஸ்டார்ட் ஆக வேண்டும்.

அதனால் படிப்பகத்தில் பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே லாக் ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருக்கிறேன். பழைய பெட்டிகளில் எஸ்எஸ்டி போட்ட பிறகு ரீஸ்டார்ட் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. முன்பு ஹார்ட் டிஸ்க்கில் டீ குடித்துவிட்டு வரலாம். டவுன்லோட்ஸ் உறைந்த பக்கமே இருக்கட்டும், ரீஸ்டார்ட்டில் போகட்டும். டி டிரைவில் டாக்குமென்ட்ஸ் மட்டும் ஒரு வாரம் தங்கும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். இதைச் சுவரில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். குரோமைக் கெஸ்ட் மோடில் மட்டும் திறக்கும்படி வைத்தால் ஜன்னலை மூடியதும் லாகின் எல்லாம் போய்விடும். ஆனால் இறக்கிய ஃபைல்கள் அங்கேயே கிடக்கும், அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. டிஸ்க்கில் திருப்பி எழுதும் வகை மீட்பில், 'மறந்தது' என்றால் அழிந்தது என்று அர்த்தமில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை, மீட்டெடுக்கும் கருவி வைத்திருப்பவன் தோண்டி எடுக்க வாய்ப்பு உண்டு. ரேமில் வைப்பது இந்த விஷயத்தில் நல்லது, கரண்ட் போனதும் காற்றோடு போயிற்று. ஆனால் நாலு ஜிபி ரேம் உள்ள பெட்டியில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். ரைட் ஃபில்டர் தன் போக்கில் எடுத்துக்கொள்வதே ஒரு ஜிபி. இரண்டு சினிமாப் பாட்டு வீடியோ இறக்கினால் திணற ஆரம்பித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கடைக்காரர்கள் கேட்பதுண்டு. 2011இல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவரின் அடையாளத்தைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதி ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். பார்த்த தளங்களின் வரலாற்றையும், ப்ராக்ஸி (கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர்) பதிவுகளையும் அதேபோல் ஒரு வருடம். கணினிகளுக்கு நடுவே வைக்கும் தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது. கணினி மறக்க வேண்டும், கடை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று ஆகிறது. உறைந்த கணினியில் அந்த வரலாறு தங்காது என்பதால், நடுவில் ஒரு ப்ராக்ஸி வைத்து பதிவை முதலாளியின் கணினியில் சேர்க்க வேண்டும். இதைச் சரியாகச் செய்திருக்கும் கடை எதையும் நான் பார்த்ததில்லை. ரிஜிஸ்டர் மட்டும் எல்லா இடத்திலும் உண்டு, பாதிப் பேர் அதில் 'குமார், ஊட்டி' என்று எழுதியிருப்பார்கள்.

அப்டேட் ஒரு தனி ரோதனை. உறைந்த கணினிக்கு விண்டோஸ் அப்டேட் வரும், இறங்கும், ரீஸ்டார்ட் கேட்கும், ரீஸ்டார்ட்டில் மறந்துபோகும், மறுபடியும் இறங்கும். மலையில் இருக்கிற இணைய வேகத்துக்கு இது பெரிய தண்டம். அப்டேட்டை நிறுத்திவைத்து, மாதம் ஒருநாள் உறைநிலையை எடுத்து, அப்டேட் செய்து, மறுபடி உறைய வைக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வருவதால் நான் அதற்கடுத்த வாரக் கடைசியைப் பிடித்துக்கொள்வேன். டீப் ஃப்ரீஸிலேயே நேரம் குறித்துவைத்தால் தானாகவும் செய்யும். ஆனால் அது குறித்த நேரத்தில் கரண்ட் இருக்க வேண்டுமே.

மழைக்காலத்தில் மென்பொருளைவிட ஈரம்தான் எதிரி. சில நாள் போடாமல் விட்ட பெட்டி ஓடாது, ரேமைக் கழற்றி அதன் தங்க நிறக் கால்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் உயிர் வரும். மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உடனே எந்தத் தளமும் திறக்காது, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று சிவப்பாகக் காட்டும். வைரஸ் என்று பதறிப்போய் என்னைக் கூப்பிடுவார்கள். கடையில் கிடைக்கும் பொத்தான் பேட்டரி ஒன்றைப் போட்டால் தீர்ந்தது.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது. படிப்பகத்துப் பெட்டிகள் எதுவும் விண்டோஸ் 11 கேட்கிற தகுதியில் இல்லை. பெரும்பாலானவற்றை உபுண்டு என்ற இலவச லினக்ஸுக்கு மாற்றிவிட்டேன். அங்கே ஓவர்லேரூட் என்று ஒரு பொதி உண்டு. அதன் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி மாற்றினால் முழுக் கணினியும் ரேமில் எழுதி ரீஸ்டார்ட்டில் மறக்கும். கரடியும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். தேர்வுக்கு விண்ணப்பிக்க, முடிவு பார்க்க, யூட்யூபில் வகுப்பு கேட்க இது தாராளம். ஒரு பெட்டியை மட்டும் விண்டோஸிலேயே விட்டிருக்கிறோம். வானவில்லில் அடித்த பழைய ஃபைல்களுக்கும், லினக்ஸில் முரண்டு பிடிக்கிற அந்தக் கால ஸ்கேனருக்கும் அது தேவைப்படுகிறது. அதில் பேங்க் வேலை மட்டும் பார்க்க வேண்டாம் என்று எழுதி ஒட்டியாயிற்று.

இன்னும் தீராமல் இருப்பது பாஸ்வேர்டு விஷயம். டீப் ஃப்ரீஸின் பாஸ்வேர்டு தொலைந்தால் அந்தப் பெட்டியில் எதையும் நிரந்தரமாக மாற்ற முடியாது, இமேஜ் போட்டுத்தான் எழுப்ப வேண்டும். பள்ளிக்கூட லேப்களில் இது வாடிக்கை. போட்டுக் கொடுத்த ஆசிரியர் மாற்றலாகிக் கீழே போயிருப்பார், போன் நம்பர் மாறியிருக்கும், கணினிகள் அவர் இருந்த வருடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். படிப்பகத்தில் பாஸ்வேர்டுகளையும் இமேஜ் எடுத்த தேதியையும் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு, சங்கத்துக் கணக்கு நோட்டு இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறோம். பொருளாளர் மாறும்போது அதுவும் கை மாறும். போன தடவை மாறியபோது புதிய பொருளாளர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்துன்னு தெரியலயேண்ணா" என்றார். இப்போது அதை டைப் செய்து பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.